கசப்பை முறைவைத்தவர்கள்

ரொறன்ரோ
2023 பெப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நால்வரும் சுகம். இங்கே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. உங்கள் முதுகுவலி எந்த நிலையில் இருக்கிறது, ஜீவராணி அக்காவின் கால் வீக்கம் வடிந்ததா என்று மறைக்காமல் எழுதுங்கள்.

கைப்பேசி இருக்கும்போது கடதாசி எதற்கு என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. சிறுநீரகம் மெல்லப் பழுதாகும் நோய்க்கு எங்கள் நிறுவனத்திடம் ஒரு புதிய மாத்திரை இருக்கிறது. அதை மனிதரில் சோதிக்கும் திட்டத்தை வகுத்தவன் நான். இலங்கையில் இடம் தேடியபோது பதுளையை நான்தான் முன்வைத்தேன். பசறைப் பக்கத்தில் மூன்று தேயிலைத் தோட்டங்களிலும் ஆட்களைச் சேர்ப்பார்கள். அக்காவின் இரத்த முடிவுகளைப் பார்த்தால் அவருக்கும் இடம் கிடைக்கும். ஆனால் திட்டம் வகுத்தவனுடைய உடன்பிறந்தவள் நோயாளியாகச் சேர்வதற்கு விதியில் இடமில்லை. என் மின்னஞ்சலையும் கைப்பேசியையும் நிறுவனம் பார்க்கும். ஆகவே உறவு வெளியே தெரியாமல், இது நம் இருவருக்குள் தபாலில் இருக்கட்டும்.

பழைய முறையில் இதற்கு எண்ணூறு பேர் வேண்டும். அவர்களில் பாதிப் பேர் மருந்தில்லாத மாத்திரையை மூன்று வருடம் விழுங்கவேண்டும். நான் கணினிக்குள் நோயாளிகளை உருவாக்கி, அவர்களை வைத்து இதே பரிசோதனையைப் பத்தாயிரம் தடவை ஒத்திகை பார்த்தேன். இருநூற்று நாற்பது பேர் போதும். முதலில் சேரும் அறுபது பேரின் ஆறு மாத முடிவை எடுத்து ஓர் இடைக்கணிப்புச் செய்வோம். மருந்தால் பயனில்லை என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவோம். எவரும் வீணாக வெற்று மாத்திரை விழுங்கத் தேவையில்லை. பதினெட்டு வருடம் படித்ததற்கு இதையாவது செய்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஓர் உதவி. சம்மதப் பத்திரத்தின் தமிழ் வாசிக்கமுடியாதபடி இருக்கிறது. பரிசோதனையை அங்கே நடத்தப்போகும் டாக்டர் றிஸாத் உங்களைத் தேடி வருவார். திருத்திக் கொடுங்கள்.

உங்கள் தம்பி,
நிமலன்


பசறை
2023 மார்ச் 4

தம்பி நிமலனுக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்றறிந்தேன். என் முதுகு பழையபடிதான். ஐம்பத்தாறு வயதில் நாளெல்லாம் நின்று கணிதம் கற்பிப்பவனுக்கு வேறெப்படி இருக்கும். ராணியின் கால் காலையில் வடிந்திருக்கிறது, மலையிலிருந்து கொழுந்துச் சாக்கோடு இறங்கும்போது வீங்கிவிடுகிறது. கிரியேட்டினின் இரண்டு தசம் நாலு. அது ஏறினால் சிறுநீரகம் இறங்குகிறது என்று அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

டாக்டர் றிஸாத் வந்தார். பண்டாரவளைக்காரர், அவசரப்படாத மனிதர். பத்திரத்தில், 'பங்குபற்றுனர் எழுமாற்று முறையில் செயலற்ற ஒப்பீட்டுப் பிரிவுக்கு ஒதுக்கப்படலாம்' என்றிருந்தது. அதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை கிடைக்கும். பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை கிடைக்கும். யாருக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.' ஞாயிற்றுக்கிழமை, ராணி குடியிருக்கும் மேற்கணக்குப் பிரிவு லயத்தில் நானே வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும் ராணியின் பக்கத்து வீட்டுக் கருப்பம்மா எழுந்தாள்.

"அப்ப எனக்கு வெத்து விழுந்தா, வெத்தையே முழுங்கிக்கிட்டு சாகணுமாங்க?"

ஆமாம் என்றேன். இருந்தும் எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

ஒரு கேள்வி. ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்கு மருந்தும் அடுத்த வீட்டுக்கு வெற்றும் கொடுப்பது ஏன்? லயம் லயமாகப் பிரித்திருக்கலாமே. உன் ஒத்திகையில் ஒவ்வொரு நோயாளியும் தனி ஆள். இங்கே பத்து வீட்டுக்கு ஒரு கூரை.

பிள்ளைகளைக் குளிரில் கவனி.

உன் அண்ணன்,
ஜெயகுமார்


ரொறன்ரோ
2023 ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். இங்கு எல்லோரும் நலம். உங்களுக்கு முதுகுக்கு ஒரு பட்டி அனுப்பியிருக்கிறேன், வெட்கப்படாமல் கட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதை நானும் கணித்துப் பார்த்தேன். லயம் லயமாகப் பிரித்தால் எழுநூறு பேர் வேண்டும், இன்னும் இரண்டு வருடம் வேண்டும். அப்படிக் கேட்டிருந்தால் நிறுவனம் பதுளையையே கைவிட்டிருக்கும். தனித்தனியாகப் பிரித்தால்தான் அக்காவுக்கு இந்த வருடமே ஒரு வாய்ப்பு. இரண்டில் ஒன்று. பூச்சியத்தைவிட அது பெரிது.

உங்கள் தமிழ் வேலை செய்துவிட்டது. மற்ற இடங்களில் ஆட்கள் தயங்கிக்கொண்டிருக்க, முதல் அறுபது பேரில் ஐம்பத்திரண்டு பேர் அந்த மூன்று தோட்டங்களிலிருந்தே வந்துவிட்டார்கள். ஒரு மாத்திரையும் தவறவிடக்கூடாது என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

தம்பி,
நிமலன்


பசறை
2023 ஆகஸ்ட் 2

தம்பி நிமலனுக்கு,

பட்டி கிடைத்தது. கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறேன். அங்கு வெயில் காலம் என்று நினைக்கிறேன், பிள்ளைகள் சுகமா?

மாத்திரை தொடங்கிப் பத்து வாரம். ராணியின் கிரியேட்டினின் இரண்டு தசம் இரண்டு. கால் வீக்கம் குறைந்திருக்கிறது. மாதம் ஒருமுறை வரும் தாதி போத்தல்களைக் கவிழ்த்து எண்ணுகிறாள். ஒரு மாத்திரைகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வளவு ஒழுங்கான நோயாளிகளைத் தான் கண்டதில்லை என்றார் றிஸாத்.

கருப்பம்மாவும் சற்றுத் தேறியிருக்கிறாள். லயத்தில் எல்லோருமே சற்றுத் தேறியிருக்கிறார்கள். இதைப்பற்றி இன்னொன்று எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்தேன். அவசியமானால் பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்,
ஜெயகுமார்


ரொறன்ரோ
2023 செப்டெம்பர் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைவிட உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தியே எனக்குக் கவலை தருகிறது.

யாருக்கு எந்த மாத்திரை என்று எனக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. எல்லோருடைய எண்களும் சேர்ந்து எவ்வளவு தூரம் பரந்திருக்கின்றன என்பது மட்டும் எனக்கு வரும். பாதிப் பேர் தேறி, பாதிப் பேர் தேயும்போது எண்கள் இரண்டு பக்கமாக விலகவேண்டும். பசறையின் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

டிசெம்பர் நடுவில் இடைக்கணிப்பு. அதற்கு முன் எனக்குத் தெரியவேண்டியது ஏதாவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். தபாலுக்கு மூன்று வாரம் பிடிக்கிறது.

நிமலன்


பசறை
2023 டிசெம்பர் 1

தம்பி நிமலனுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று எண்ணி எழுதுகிறேன். உன் கடிதம் ஒக்டோபர் பத்தாம் திகதியே கிடைத்துவிட்டது. ஏழு வாரம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. தாமதத்துக்குத் தபாலைக் குறைசொல்லாதே.

ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறு ராணியைப் பார்க்கப் போனேன். லயத்து முன்விறாந்தையில் பெண்கள் சுளகைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அரிசியில் கல் பொறுக்குகிறார்கள் என்று நினைத்தேன். சுளகில் கிடந்தவை உன் மாத்திரைகள். எல்லாப் போத்தல்களையும் கொட்டி இரண்டு குவியலாக வைத்திருந்தார்கள். போத்தலுக்கு ஒன்றை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்துள்ளது கசக்கிறது, வெற்று கசக்கவில்லை. உன் நிறுவனம் இரண்டுக்கும் ஒரே நிறமும் ஒரே எடையும் கொடுத்திருக்கிறது. மனிதருக்கு நாக்கு இருப்பதை மறந்துவிட்டது. கசப்பில் பாதி, வெற்றில் பாதி என்று ஒவ்வொரு போத்தலையும் எண்ணி நிரப்பினார்கள். ஒரு நாள் கசப்பு, மறுநாள் வெற்று. எல்லோருக்கும் அதே முறை.

என்னைக் கண்டதும் கருப்பம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "வாத்தியாரு வந்துட்டாரு, காப்பி அடிக்கிறத புடிக்க. கைய மூடுங்கடி." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் தொடக்கியது என்று கேட்டேன்.

"நான்தாண்ணே," என்றாள் ராணி. "எனக்கு மொத நாளே கசந்துச்சு. கருப்பிக்கு கசக்கல. கொழுந்து கொறஞ்சவ சாக்குல ஆளுக்கு ஒரு கை போடுறமா இல்லையா? அது மாதிரித்தான் இதுவும். எனக்கு மருந்து, அவளுக்கு வெத்துன்னு தெரிஞ்சுக்கிட்டு, விடிஞ்சா வேலைக்கு பேர் குடுக்குற பெரட்டுக்களத்துல அவ மூஞ்சில எப்புடிண்ணே முழிக்கிறது?"

உனக்கு நினைவிருக்கும். நிறுக்கும் இடத்தில் ஒருத்தியின் எடை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவான், அரை நாள் வேலைதான் செய்தாள் என்று. அதைத் தடுக்க வரிசையில் நிற்கிறவர்கள் தங்கள் கொழுந்திலிருந்து ஆளுக்கொரு கை அவள் சாக்கில் போட்டுவிடுவார்கள். எந்தக் கங்காணியாலும் நிறுத்தமுடியாத பழக்கம். பத்திரத்தை நான் அவர்களுக்கு விளங்கும்படி எழுதினேன். விளங்கியதால் தங்களுக்குத் தெரிந்த வழியில் அதைச் சரிசெய்தார்கள். மற்ற இரண்டு தோட்டங்களிலும் இதேதான். கிளினிக் நாளில் எல்லோரும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள்.

ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்பாய். பத்திரத்தின் ஒன்பதாம் பிரிவு, நானே தமிழாக்கிய பிரிவு, மாத்திரையைப் பிறருக்குக் கொடுப்பவர் நீக்கப்படுவார் என்கிறது. எழுதினால் ராணிக்குக் கிடைக்கும் பாதியும் போய்விடும். இரண்டு பிரிவும் பாதி மருந்தோடு சமமாகத் தேறினால், மருந்தால் பயனில்லை என்றே உன் கணிப்புச் சொல்லும் என்பதை அறிய எனக்கு ஏழு வாரம் தேவைப்படவில்லை. ஒரு மாலையில் விளங்கிவிட்டது. மிச்ச நாட்கள் கோழைத்தனம்.

இதைத் திருத்த வழியிருந்தால் திருத்து.

ஜெயகுமார்


ரொறன்ரோ
2024 ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் உடல் எப்படி என்று கேட்கவும் மனம் கூசுகிறது. உங்கள் கடிதம் டிசெம்பர் இருபத்தேழில் வந்தது. இடைக்கணிப்பைப் பார்க்கும் குழு கூடியது பதினான்கில்.

வெற்றிக்கு நூற்றுக்கு நான்கு வாய்ப்பு என்று கணினி சொன்னது. பத்துக்குக் கீழே போனால் நிறுத்து என்பது விதி. அந்த விதியை எழுதியவன் நான் என்பதால் என்னிடம் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. இரண்டு பிரிவும் தேறியதை, டாக்டரின் கவனிப்பால் வந்த முன்னேற்றம் என்று ஒரு வரியில் எழுதி முடித்தார்கள். பெப்ரவரியில் போத்தல்களைத் திரும்ப எடுப்பார்கள்.

உண்மையைச் சொன்னால், அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். அக்காவைச் சொல்லவேண்டிவரும். வேலை போகும். வேலையோடு இங்கே இருக்கும் அனுமதியும் போகும். மூத்தவனுக்கு இது பரீட்சை வருடம். யோசித்து எழுதுகிறேன்.

நிமலன்


பசறை
2024 மார்ச் 11

நிமலனுக்கு,

உன் மூத்தவன் பரீட்சையில் நன்றாகச் செய்வான். சுகத்துக்கு அதுவே போதும்.

போத்தல் எடுக்க வந்த வான் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றது. கசக்கிற மாத்திரைகளை ஒளித்துவைக்கச் சொன்னவன் நான். ஒருத்தியும் கேட்கவில்லை. "எண்ணிக் குடுத்தத எண்ணித்தாண்ணே திருப்பணும்," என்றாள் ராணி. வரிசையில் நின்று கொடுத்தார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கருப்பம்மா கேட்டதற்கு, மருந்து வேலை செய்யவில்லை என்று தாதி சொன்னாள். கருப்பம்மா தன் காலைத் தூக்கிக் காட்டினாள். வீக்கம் வடிந்த கால். தாதி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. குறித்துக்கொள்ள அவளிடம் தாள் இருக்கவில்லை.

உன் பத்தாயிரம் ஒத்திகையிலும் ஒருத்திகூடப் பக்கத்து வீட்டுக்காரிக்கு மாத்திரை கொடுக்கவில்லை. இதைக் கணினியின் மேல் போடமுடியாது. வெள்ளைக்காரன் வகுத்திருந்தால், பாவம் அவனுக்கு லயம் தெரியாது என்று விட்டிருப்பேன். நீ அந்த லயத்தில் ஏழாம் நம்பர் வீட்டில் பிறந்தவன். நீ வயிற்றில் இருந்த மாதங்களில் அம்மாவின் சாக்கு நிறைந்தது மற்றவர்களின் கையால். உனக்குத் தெரியும். தெரிந்தும் எழுநூறைவிட இருநூற்று நாற்பது அழகாக இருந்தது உனக்கு.

என் குற்றத்தை நான் எழுதிவிட்டேன். உன்னுடையதை எழுது. என் கடிதத்தைக் குழுவிடம் காட்டு. ராணியின் பெயரையும் என் பெயரையும் சொல். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு ஐம்பத்திரண்டு சாட்சிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த எண் அப்படியே நிற்காது. ராணிக்குக் கிரியேட்டினின் இரண்டு தசம் எட்டு.

ஜெயகுமார்


ரொறன்ரோ
2024 செப்டெம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு மாத மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். மூத்தவன் பல்கலைக்கழகம் புகுந்துவிட்டான். உங்கள் முதுகு, அக்காவின் நிலை இரண்டையும் எழுதுங்கள்.

நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் சொல்லவில்லை. உள்ளூர் ஆட்களிடமிருந்து கிடைத்த தகவல் என்று, அந்தத் தோட்டங்களில் மாத்திரை பங்கிடப்பட்டதை அறிவித்தேன். நிறுவனம் மருந்தை மறுபடி தொடவில்லை. உரிமையை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் உங்கள் கடிதம் வீண்போகவில்லை. பங்கிடுதலையும் கணக்கில் எடுக்கும் புதிய கணினி நிரல் ஒன்றை எழுதினோம். ஓர் இடத்தில் நோயாளிகள் மாத்திரையைப் பங்கிடக்கூடுமா என்பதை அது முன்கூட்டியே மதிப்பிடும். கட்டுரை ஏற்கப்பட்டிருக்கிறது, அதன் முதற்பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி வரும் பரிசோதனைகள் இப்படித் தவறமாட்டா.

உங்கள் தம்பி,
நிமலன்


பசறை
2024 நவம்பர் 20

நிமலனுக்கு,

மூத்தவனுக்கு என் வாழ்த்து.

கருப்பம்மா ஆகஸ்டில் இறந்தாள். ராணிக்கு வாரம் இரண்டு தடவை பதுளையில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். லயத்திலிருந்து பாதைக்கு நடந்து இறங்கி, வளைவெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிறாள்.

போன வாரம் டாக்டர் றிஸாத் வந்தார். அதே மாத்திரையை, உரிமை வாங்கிய நிறுவனம் வேறு பெயரில் மறுபடி பரிசோதிக்கப்போகிறதாம். இலங்கையிலும்தான். ராணியைச் சேர்க்கலாமா என்றேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"லிஸ்ட்ல பசறை இல்ல சேர். தெமோதரை, கொஸ்லந்த, மலைநாட்டுத் தோட்டம் ஒண்டுமே இல்ல. சொஃப்ட்வெயார் வெட்டியிருக்கு. மருந்தப் பங்கிடுற ஆக்களாம்."

எந்த நிரல் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். உன் கட்டுரையின் தலைப்பில் இருக்கும் பெயர்.

மருந்து திரும்ப வரவேண்டும் என்று என் தங்கையின் செயலை உனக்கு எழுதினேன். அதை எடுத்து, இனி எந்த மருந்தும் இங்கே வராதபடி வேலி கட்டிவிட்டாய். அதை எனக்கு எழுதும்போது வேலி என்று எழுதவில்லை. முன்கூட்டியே மதிப்பிடும் என்று எழுதினாய். சம்மதப் பத்திரத்தை முதலில் தமிழாக்கியவரை நான் பழித்தேன். அவர் தேவலை.

ராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி மேல கோவப்படாதண்ணே. எண்ணுறதுக்குத்தானே அவன் படிச்சான்," என்றாள். பிறகு, வருகிற மாதத்தோடு பதுளைக்குப் போவதை நிறுத்திவிடப்போவதாகச் சொன்னாள். பஸ் தாங்கவில்லையாம்.

ஜெயகுமார்


ரொறன்ரோ
2025 மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜனவரியில் வந்திருக்கவேண்டும். விடுமுறை கிடைக்கவில்லை என்று தொலைபேசியில் சொன்னேன். அதை நீங்கள் நம்பவில்லை என்பது உங்கள் மூச்சிலேயே தெரிந்தது. சாப்பிடுகிறீர்களா? முதுகைக் கவனித்துக்கொள்கிறீர்களா?

ஒன்று கேட்கவேண்டும். கேட்க எனக்கு உரிமையில்லை என்பது தெரியும். பரிசோதனையில் சேர்ந்த ஒவ்வொருவரையும் மாத்திரை நின்றபிறகும் ஒரு வருடம் பின்தொடரவேண்டும் என்பது விதி. மற்றவர்களின் படிவங்கள் வந்துவிட்டன. பதினேழாம் இலக்கத்துடையது மட்டும் வரவில்லை. அது அக்காவின் இலக்கம். படிவம் வராவிட்டால் அவரைத் 'தொடர்பு அறுந்தவர்' என்று பதிந்துவிடுவார்கள். அதை என்னால் தாங்கமுடியவில்லை. படிவம் டாக்டர் றிஸாத்திடம் இருக்கிறது. நெருங்கிய உறவினர் நிரப்பலாம்.

நிமலன்


பசறை
2025 ஏப்ரல் 2

நிமலனுக்கு,

படிவத்தை நிரப்பி டாக்டர் றிஸாத்திடம் கொடுத்துவிட்டேன். நேற்றே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார். நீ அலுவலகத்தில் பார்ப்பதற்கு முன் உனக்கும் தெரிந்திருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பங்குபற்றுனர் உயிரோடு உள்ளாரா? இல்லை. இறந்த திகதி: 2025 ஜனவரி 19. இறந்த இடம்: வீடு. மாத்திரையை அறிவுறுத்தியபடி உட்கொண்டாரா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் 'பாதி' என்று எழுதினேன்.

பதினொன்றாம் கேள்வி, மாத்திரை நின்றதற்குப் பொறுப்பானவர் யார் என்பது. நோயாளி, மருத்துவர், வேறு எவரேனும். மூன்றாவதில் அடையாளமிட்டேன். அதன் கீழே பெயர் எழுத ஒரு கோடு விட்டிருந்தார்கள். ஒரு பெயருக்கான இடம்தான். பொடியாக எழுதினால் இரண்டு கொள்ளும். மூத்தவன் என்பதால் என் பெயரை முதலிலும் உன் பெயரை அடுத்தும் எழுதினேன்.

அடுத்த கோட்டில், நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பெயருக்கும் பொதுவாக, உடன்பிறந்தவர்கள் என்று எழுதினேன்.

ஜெயகுமார்